பெண் வீட்டாரை விமானத்தில் சுற்றி வந்தேன்

ஆகாயத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இதை என் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. நடந்ததெல்லாம் தரையில், அதற்கும் பாதிப் பொறுப்பு ஒரு மாட்டுவண்டியுடையது.

யுத்தத்துக்கு முன்பு, ஆவடிக்கு அப்பால் ஒரு புல்வெளியில் விமானம் ஓட்டப் பழகினேன். (அம்பத்தூரிலிருந்து தினமும் சைக்கிளில் போவேன். அந்தச் சைக்கிள்தான் என் குடியைக் கெடுத்தது.) அந்தக் காலத்து விமானத்துக்கு முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். இறங்கி ஓடும்போது கொஞ்சம் அசந்தால் வால் முன்னால் வந்துவிடும். திருப்புவதற்குக் காலடியில் ஒரு கட்டை. இடது காலால் தள்ளினால் இடப்பக்கம் திரும்பும். சைக்கிளிலோ, இடது கையால் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும். என் கால்களுக்குச் சைக்கிள் புத்தி. இரண்டு முறை சுற்றிவிட்டேன்.

"இன்னொரு தரம் சுத்தினே, பேரை அடிச்சிடுவேன் மேன்!" என்றார் வாத்தியார், ஓர் ஆங்கிலோ இந்தியர்.

இந்த லட்சணத்தில், மாப்பிள்ளை உருப்படியாகத் தரையிறங்குவதைப் பார்த்தபிறகே தட்டு மாற்றுவோம் என்று கரையான்சாவடியிலிருந்து பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் ஓரமாக நிற்கக் கூடாதா? புல் நன்றாக இருக்கிறதென்று மைதானத்துக்கு நடுவிலேயே மாட்டை அவிழ்த்து மேயவிட்டு, வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள்!

சக்கரம் தரையைத் தொட்டது. வலப்புறம் வண்டி. விமானமும் லேசாக அந்தப் பக்கமே திரும்பியது. இடது காலை அழுத்து என்றது மூளை. நான் வலது காலை அழுத்தினேன், உடம்பின் கனத்தையெல்லாம் சேர்த்து. (குலதெய்வத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை.) விமானம் வண்டியை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடது இறக்கையை ஒடித்துக்கொண்டு நின்றது.

வாத்தியார் அங்கேயே பேரை அடித்தார். மாடுகள் பட்டாபிராம் பக்கம் ஓடின. வருங்கால மாமனார் தட்டோடு வண்டியிலிருந்து குதித்தார்.

"எங்களக் கொல்லப் பாத்தானே! இவனுக்கா என் பொண்ணு?"

அவருடைய அக்கா வண்டியைவிட்டு இறங்கவில்லை. "இரு நைனா. எந்தப் பக்கமா சுத்தினான்?"

"இன்னாக்கா கேள்வி இது? வலப்பக்கமாத்தான்!"

"அப்புறம் இன்னா? தாம்பூலத்த வச்சிகினு குந்திகினு கீறோம், புள்ள நம்மள வலமா வந்துகீறான். இடமா சுத்தியிருந்தா நானே வேணாம்னிருப்பேன். குட்த்துரு."

கொடுத்துவிட்டார்!

ஒரே மிதிக்கு ஒருவர் பேரை அடிக்கிறார், இன்னொருவர் பெண்ணைக் கொடுக்கிறார். என்ன நியாயம் இது? இன்றும் கோயிலுக்குப் போனால் பிராகாரத்தில் மைத்துனன் என்னை முன்னால் தள்ளுகிறான்: "நீ போ மாமே. நாங்கெல்லாம் சும்மா நடந்து சுத்தறவங்க."

என் மனைவி அன்று மைதானத்துக்கு வரவே இல்லை. ஆனாலும் இறக்கை ஒடிந்த சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுகிறாள்.