முகத்தில் தெரியாத கிரீம் ஒன்று அனுப்பவும்

அன்பும் பொறுமையும் நிறைந்த என் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணி நலம், வீட்டுச் சுவர்கள் நலம், மூக்கைத் தவிர நானும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சகல உறுப்புகளோடும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே சொல்லிவிடுகிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே. இது சிரிக்கிற விஷயம் இல்லை.

என் மூக்கின் வலது பக்கம் மிளகு அளவில் ஒரு மேடு வந்து ஆறாமல் இருந்ததல்லவா, அதைத் தோல் டாக்டர் சுற்றியிருந்த சதையோடு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கெட்ட கட்டிதான், ஆனால் முழுசாக எடுத்தாயிற்று என்று பதில் வந்தது. "இந்தத் தடவை தப்பிச்சீங்க. இனிமே மூஞ்சியில வெயிலே படக்கூடாது" என்றார். நான் டிரைவர் என்றேன். "அப்ப எஸ்.பி.எஃப். ஐம்பதுக்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்க. ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகம், காது, கழுத்து எல்லாத்துலயும் தடவணும்" என்றவர், என்ன வண்டி என்று கேட்டார். அமரர் ஊர்தி என்றேன். வரும்போது கை கொடுத்தவர், போகும்போது கும்பிட்டார்.

எங்கள் முதலாளியைப் பற்றி உனக்குத் தெரியும். டிரைவர் தொப்பி போடக்கூடாது, இறந்தவருக்கு மரியாதை இல்லை. கறுப்புக் கண்ணாடி கூடாது, சினிமாவுக்குப் போகிற மாதிரி இருக்கும். ஜன்னல் கண்ணாடியை இறக்கியே வைக்க வேண்டும், கூட நடந்து வருகிறவர்கள் "கொஞ்சம் நிறுத்துங்க" என்றால் காதில் விழ வேண்டும். அவர்கள் நடக்கிற வேகத்தில்தான் வண்டி போக வேண்டும். பின்னால் படுத்திருப்பவருக்கு ஏ.சி., எனக்கு உச்சி வெயில். இந்த லட்சணத்தில் மருந்துக் கடையில் முதலில் கொடுத்த கிரீமை டாக்டர் சொன்ன அளவுக்குத் தடவிக்கொண்டு போனேன். தடவத் தடவ அது உள்ளே போகவில்லை, முகத்தின் மேலேயே குடியிருந்தது. என் நிறத்தில் வெள்ளை ஏறினால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார், சுண்ணாம்பு அடித்துப் பாதியில் விட்ட சுவர். துக்க வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தேன், ஓர் அம்மா "ஐயோ, எந்திரிச்சு உக்காந்துட்டாரே!" என்று அலறி மயங்கி விழுந்துவிட்டார். அவரைத் தெளிய வைத்துக் கிளம்புவதற்குள் வந்த காரியத்தையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நம்ம வண்டிக்கு வெளிறின முகம் ஒண்ணு போதும், அது பின்னாடி இருக்கணும். இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா சாவியைக் குடுத்துட்டுப் போங்க" என்றார். இந்த வயதில் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் மெதுவாக ஓட்டுவது ஒன்றுதான். அதற்கு வேறு எந்தக் கம்பெனியிலும் வேலை கிடையாது.

அடுத்தது உன் அண்ணியின் தேர்வு, நிறம் சேர்த்த கிரீம். யாருடைய நிறத்துக்குச் செய்தார்களோ, நெற்றியெல்லாம் செங்கல், கழுத்துக்குக் கீழே நான். அது வெள்ளைச் சட்டைக் காலரில் இறங்கி, துவைத்தும் போகவில்லை. அதைவிட, ஒரு பெண் தன் தம்பியிடம் "டிரைவர் மேக்கப் போட்டிருக்காருடா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஜன்னல்தான் இறக்கியிருக்கிறதே. மூன்றாவதாக ஒரு ஜெல் வாங்கினேன். தங்கச்சி, அதைப் போட்டால் போட்டதே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்து நானே சந்தேகப்பட்டு இன்னொரு தடவை போட்டுக்கொண்டேன். அங்கேதான் சனியன் பிடித்தது. வேர்வை வந்ததும் அது நெற்றியிலிருந்து நேராகக் கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

அன்றைக்குப் போனவர் ஒரு இரும்புக் கடைக்காரர். பிள்ளைகள் இரண்டு பேரும் கல் மாதிரி நிற்கிறார்கள், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தாரை தாரையாக வடிக்கிறேன். மயானத்தில் இறங்கியதும் பெரியவன் ஓரமாகக் கூட்டிப் போய், "எங்கப்பாவை உங்களுக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?" என்றான். "இன்னைக்குத்தாங்க முதல்ல பாத்தேன்" என்றேன். அவன் நம்பவில்லை. திரும்பி வந்தால், அந்தப் பிள்ளைகளின் அம்மா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்கம்மா எந்த ஊரு?" என்றார். பேச்சு எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. "கிரீம் கண்ணுல இறங்கிடுச்சும்மா" என்றேன். "எல்லாரும் ஏதோ ஒரு காரணம் சொல்லத்தான் செய்வாங்க" என்று பெருமூச்சு விட்டார். மறுநாள் பிள்ளைகள் இருவரும் தகப்பனார் படத்தோடு ஆபீசுக்கு வந்து, படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மூக்கில் ஒரு துண்டு குறைந்ததால் ஒற்றுமை பிடிபடவில்லை. நம் அம்மா இதையெல்லாம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது எவ்வளவோ நல்லது.

இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் எழுதப் போகிறேன். ஊரில் பேச்சு பரவி, "அந்த அழுவுற டிரைவரை அனுப்புங்க" என்று கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "அதே டியூபைப் போடுங்க, மாத்திடாதீங்க" என்கிறார். போட்டேன். போன வாரம் கண் திறக்க முடியாமல் ஒரு முனையில் தப்பாகத் திரும்பி, கார் கழுவுகிற இடத்துக்குள் வண்டியை விட்டுவிட்டேன். பின்னால் நடந்து வந்த அத்தனை பேரும் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே வந்து, தலையைக் குனிந்து நின்றார்கள். ஒருவர் சோப்பு நுரையோடு ஓடிவந்து, கழுவ வேண்டுமா என்று கேட்டார். அன்று கண் டாக்டரிடம் போனேன். இந்த ஜெல்லைத் தொடர்ந்தால் கண் கெட்டுவிடும் என்கிறார். தோல் டாக்டர் போடு என்கிறார், கண் டாக்டர் போடாதே என்கிறார், முதலாளி அழு என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

ஆகவே, தங்கச்சி, நீ அழகுச் சாமான் கடை கவுன்ட்டரில் நிற்கிறவள், உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை. ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டும், நம் நிறத்தில் தெரியக்கூடாது, கண்ணில் எரியக்கூடாது. நாம் இருவரும் ஒரே நிறம்தான், உன் தாடையில் தடவி, கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார். கன்னம் எது கழுத்து எது என்று மாப்பிள்ளைக்கே தெரியாமல் இருந்தால் அதை அனுப்பு. முதலாளியை நான் பார்த்துக்கொள்கிறேன். என் அழுகையெல்லாம் அந்த டியூபின் அழுகை. இத்தனை பேரை ஏற்றிப் போயிருக்கிறேன், ஒருவருக்காகவும் எனக்குக் கண் கலங்கியது கிடையாது. கலங்கினால் பிரேக் பிடிக்க முடியாது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. உனக்கு நிழலும் நீண்ட ஆயுளும் அமைய ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மருந்துக் கடைக்காரப் பெண்மணி புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று கொடுத்தார். காலையில் போட்டுப் பார்த்தேன். தெரியவில்லை, எரியவில்லை, வேர்வையிலும் இறங்கவில்லை. நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. இன்று போனவர் சாலை போடும் வேலை பார்த்தவர், என் வயசு. அவர் மனைவிக்கு நடக்க முடியாததால் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "காதுல சின்னப் புண்ணுதான், ஆறிடும்னு சொல்லிக்கிட்டே வெயில்ல நின்னாரு. நானும் ஆறிடும்னுதான் இருந்துட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு மூக்குல என்ன?" என்றார். கொசுக்கடி என்றேன். அதற்கப்புறம் ரோடு தெரியவில்லை, தங்கச்சி. வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினேன். எனக்குப் பயமாக இருக்கிறது, இதை உன் அண்ணியிடம் சொல்லாதே. திரும்பி வந்ததும் முதலாளி என் கண்ணைப் பார்த்துவிட்டு, "பழைய டியூபுக்கே வந்துட்டீங்கபோல, நல்லது" என்றார். ஆமாங்க என்றேன். நீ கிரீம் எதுவும் தேட வேண்டாம்.