பிளாஸ்க் அக்கா பேசிய விலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கார் விற்கிறவர்கள் சனீஸ்வரனுக்கு அடுத்தபடியாகப் பயப்படுவது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பிளாஸ்க் அக்காவுக்குத்தான். சனீஸ்வரனையாவது எள்ளெண்ணெய் எரித்துச் சமாளித்துவிடலாம். அக்காவுக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணிகூடக் கொடுத்துவிட முடியாது. அதையும் அவரே கையோடு கொண்டு வந்துவிடுவார்.

எங்கள் ஊரான இணுவிலில் யார் வாகனம் வாங்கப் போனாலும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. கூலி கிடையாது. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு சிவப்புப் பிளாஸ்க். ஷோரூமில் சோடாவை நீட்டினால் “வேண்டாம் தம்பி” என்றுவிட்டுத் தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடிப்பார்.

“அவையின்ரை சோடாவைக் குடிச்சால் முகத்தை முறிக்க ஏலாது. பேந்து விலை கேக்க நாக்கு எழும்பாது” என்பார்.

அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகு எனக்கும் அவர் தேவைப்பட்டார். என் மனைவிக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. கிளினிக்குக்கு ஓட்டோவில் கூட்டிப்போனால் குழிக்குக் குழி கண்ணை மூடிப் பல்லைக் கடிப்பாள். ஒரு நாளாவது ‘ஐயோ’ என்றதில்லை. அவள் அப்படிச் சத்தம் போடாமல் இருந்ததுதான் என்னை வாட்டியது. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தோடு நீர்வேலியில் இருந்த வாழைத்தோட்டப் பங்கை விற்ற பணத்தையும் சேர்த்தால் ஒரு சின்னப் புதுக் காருக்குக் கிட்டத்தட்டப் போதும். அந்தக் ‘கிட்டத்தட்ட’வுக்காகத்தான் அக்காவிடம் போனேன்.

“மாசக் கடைசியிலை போவம்” என்றார். “அப்பத்தான் இன்னும் ஒண்டாவது வித்துப்போடோணும் எண்டு அவை அந்தரப்படுவினம். நீர் வாய் திறக்கப்படாது. காரைப் பாத்துச் சிரிக்கவும் படாது.”

ஷோரூமுக்குள் கால் வைத்ததுமே நான் சிரித்துவிட்டேன். வெள்ளைக் கார், அப்படி மினுங்கிக்கொண்டு நின்றது. அக்கா என் காலை மிதித்தார்.

விற்பனையாளருக்கு முப்பது வயது இருக்கும். அந்த வெக்கையிலும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

“அம்மா, இந்த விலை…” என்று தொடங்கினார்.

“நாளைக்கு இருக்காது” என்று முடித்தார் அக்கா.

“இந்த நிறத்திலை…”

“கடைசி ஒண்டுதான் நிக்குது.”

“எங்களுக்கு இதிலை…”

“ஒரு சதமும் மிச்சமில்லை. சொல்லும் தம்பி, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.”

அந்த மனிதர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

அக்கா ஆறுதலாகத் தேத்தண்ணியை ஊதினார். “காரிலை பெரிசா மிச்சமில்லை எண்டது உண்மைதான். மிச்சமெல்லாம் காருக்கு வெளியிலை கிடக்கு” என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினார்.

பதிவுக்கு அலையும் கூலி என்று ஒரு தொகை இருந்தது. “இவர் பென்சன்காரர். அலையிறதைத் தவிர வேறை வேலையில்லை” என்று அதை வெட்டினார். கார்ப்பெற், கண்ணாடிக்கு ஒட்டுகிற கறுப்புத்தாள், அலாரம் எல்லாம் சேர்த்து இன்னொரு தொகை. “கார்ப்பெற் இல்லாட்டில் சில்லு உருளாதோ?” அதுவும் போயிற்று. காப்புறுதியை நாங்களே வெளியில் எடுப்போம் என்றார். விற்பனையாளர் கடைசியாகத் தவணைக் கடனான லீசிங்கைப் பிடித்தார். “லீசிங் போட்டால் விலையிலை நல்லாக் குறைக்கலாம் அம்மா.”

“குறைச்சதை வட்டியிலை வாங்குவினம். அனுப்பிவிட்டதுக்கு உங்கடை முதலாளிக்குக் கொமிசனும் வரும். இவர் முழுக்காசும் குடுத்துத்தான் எடுக்கிறார்.”

விற்பனையாளர் எழுந்து மனேச்சரின் கண்ணாடி அறைக்குப் போய் வந்தார். மறுபடியும் போக எழுந்தபோது அக்கா கேட்டார்: “உள்ளுக்கை போய்ச் சும்மா நிண்டிட்டு வாறேல்லைதானே?”

அவர் காதுவரை சிவந்து போனார். இந்த முறை உள்ளே உண்மையாகவே கதைத்தார் போலிருக்கிறது. கண்ணாடிக்குள் மனேச்சரின் கை ஆடியது தெரிந்தது. விலை இறங்கியது. எனக்கு எட்டுவதற்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அக்காவின் முழங்கையை மெல்லத் தட்டினேன்.

விற்பனையாளர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். “இனிக் குறைக்கிறதெண்டால் என்ரை கொமிசனிலைதான் குறைக்கோணும் அம்மா. மனேச்சர் அப்பிடித்தான் சொல்லுறார்.”

இந்த வசனத்தையும் அக்கா ஒரு போடு போடுவார் என்று காத்திருந்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். விற்பனையாளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளையள் இருக்கினமோ?”

“ஒண்டு. மற்றது வயித்திலை.”

“அப்ப குறைச்சது காணும்.” அக்கா என் பக்கம் திரும்பினார். “கையெழுத்தைப் போடும்.”

நான் போட்டேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் பொருமினேன். “உதுவும் ஒரு கதைதானே அக்கா? அந்தாள் உங்களையே ஏமாத்திப்போட்டுது.”

“இருக்கலாம்” என்றார். துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு தானாகச் சொன்னார்:

“என்ரை மனிசன் கொழும்பிலை கார் வித்தவர். சாப்பிடேக்கை எனக்குத்தான் எல்லாத்தையும் சொல்லிப் பழகுவார். நான் கார் வாங்க வந்தவ மாதிரி இருந்து கேக்கோணும். அப்பிடித்தான் உவையின்ரை வசனமெல்லாம் எனக்குப் பாடம். ஆனால் இண்டைக்கு அந்தப் பெடியன் கடைசியாச் சொன்னதை மட்டும் அவர் ஒரு நாளும் பழகினதில்லை. அப்பிடிக் கொமிசன் வெட்டுப்பட்ட நாளிலை வீட்டை வந்து சாப்பிடாமல் படுத்திடுவார். ஒருக்கா அப்பிடிப் படுத்தவர்தான், எழும்பேல்லை.”

பஸ் கோண்டாவில் தாண்டியது.

காருக்கு இன்னும் போதாமல் இருந்த காசுக்காக என் மோட்டார் சைக்கிளை விற்றேன். அதற்கு அக்காவைக் கூப்பிடவில்லை. வந்தவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன். இன்னும் குறைவாகக் கேட்டிருக்கலாமே என்று அந்த மனிதர் வருந்தியிருப்பார்.

கார் கைக்கு வந்த அன்று நேரே கந்தசாமி கோயிலடிக்கு விட்டேன். பின் இருக்கையில் மனைவியும் அக்காவும். வழியில் ஒரு பெரிய குழியில் இறங்கி ஏறினோம். பயந்து கண்ணாடியில் பார்த்தேன். மனைவி அக்காவோடு கதைத்துக்கொண்டே வந்தாள்.

சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்தாயிற்று. ஐயர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நான் வாய் திறக்குமுன் மனைவி அக்காவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். எங்களுடையதை அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

அக்கா திடுக்கிட்டுப் போனார். “இதென்ன பிள்ளை, கார் உங்கடையெல்லோ?”

“ஓம் அக்கா” என்றாள் மனைவி. “நீங்கள் பேசாமல் கும்பிடுங்கோ.”