இளமையானந்தரின் தம்ளர்

இளமையானந்தர் வந்துவிட்டார்! வாடகை அரங்கில் எள் விழ இடமில்லை. எச்.ஐ.வி. கிருமியையும், அது இழுத்துவரும் அகால முதுமையையும் ஊத வைத்தே வெளியேற்றுகிறாராம். மருத்துவர்கள் இத்தனை காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்களே, பாவம், அவர்களுக்கு இரண்டு தம்ளர் கிடைக்கவில்லை போலும்!

செய்முறை எளிது. முதல் தம்ளரின் தெளிந்த நீருக்குள் குழாய் வைத்து ஊத வேண்டும். நீர் பாலாய் வெளுக்கும். “பார், உன் கிருமி!” என்பார் சுவாமி. பிறகு தலையில் கை வைப்பார். இரண்டாவது தம்ளரில் ஊதினால் நீர் தெளிவாகவே இருக்கும். குணமாகிவிட்டது! இனி மாத்திரை எதற்கு? மேடையோரக் கூடையில் வீசிவிட வேண்டும். காணிக்கையை அங்கே வீசக் கூடாது. அதற்குப் பூட்டுப் போட்ட பெட்டி உண்டு.

போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் மேடையேறினார். ஊரார் முகச் சுருக்கத்தையெல்லாம் கணினியில் அழிப்பவர். தன் முழங்கால் வலியை அழிக்கத்தான் வழி தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதுக்குள் எலும்பு தேய்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. எதிர்ப்புச் சக்தி கிருமியோடு ஓயாமல் மல்லுக்கட்டுவதால் உடம்பு சீக்கிரம் தளர்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாத்திரைதான் கிருமியை அடக்கி வைத்திருக்கிறது என்றும் சொல்லியிருந்தார். அதை மட்டும் இவர் வசதியாக மறந்துவிட்டார்.

ஊதினார், வெளுத்தது. மறுபடி ஊதினார், தெளிவு. மாத்திரைப் புட்டி கூடைக்கு மேலே போய்விட்டது. கூடவே வந்த மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி, முதல் தம்ளர்ல ஊத்தின தண்ணி ஜாடியில இன்னும் இருக்குல்ல? புதுசா ஒரு தம்ளர்ல ஊத்தி நீங்க கொஞ்சம் ஊதிக் காட்டுங்க.”

“எனக்கெதுக்கும்மா? எனக்குத்தான் நோயே இல்லையே!”

“அப்பத் தெளிவாத்தானே இருக்கும்? சும்மா ஊதுங்க.”

“ஊதுங்க சாமி!” என்று பக்தர்களும் கூவினார்கள். வேறு வழியில்லாமல் ஊதினார். பால்!

“ஐயோ, சாமிக்கும் இருக்கா?” முன்வரிசை அலறியது. அப்போதும் தம்ளர்மேல் சந்தேகம் வரவில்லை, பாருங்கள்!

மனைவி இன்னொரு தம்ளரில் அதே நீரை ஊற்றித் தானே ஊதினார். அதுவும் வெளுத்தது.

“போன மாசம்தான் டெஸ்ட் எடுத்தேன், எனக்கு ஒண்ணுமில்ல. இது சுண்ணாம்புத் தெளிநீருங்க, யாரு ஊதினாலும் வெளுக்கும். ரெண்டாவது தம்ளர்ல வெறும் தண்ணி. பள்ளிக்கூடத்துல எல்லாரும் செஞ்சதுதானே?” கணவர் பக்கம் திரும்பினார். “வலிச்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க. இதைத் தூக்கிப் போட்டா கிருமி திரும்பக் கிளம்பிடும். நீங்க இல்லாம நான் என்னங்க பண்ணுவேன்?”

புட்டி சட்டைப் பைக்குத் திரும்பியது. மற்றவர்கள் வீசிய மாத்திரையைத் தேடிக் கூடையை மொய்த்தார்கள். சுவாமி பின்வாசல் வழியாக ஓடினார், காணிக்கைப் பெட்டியோடுதான்.

வாசலில் ஒரு பக்தர் ஸ்டுடியோக்காரரின் தோளைத் தட்டினார். “இவரு போலிங்க. நிஜமான சாமி யாராச்சும் இருக்காரா?”

கிருமியை அடக்க மாத்திரை இருக்கிறது, ஐயா. இந்தக் கேள்வியை அடக்க எந்த மாத்திரையும் கிடையாது. அடுத்த சாமி வரும்போதாவது, தம்ளரில் என்ன ஊற்றியிருக்கிறாய் என்று முதலில் கேளுங்கள்!