பாதிவழி பாய் ஏறாத வண்டி

எனக்கு அழகாக எழுத வராது, மன்னித்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு சரி. பேரும் ஊரும் வேறு மறந்து மறந்து போகிறது. ஆனால் ஒன்று அடித்துச் சொல்வேன். "வண்டியில் ஏற மாட்டேன்" என்று சொல்வதற்கு ஒரு மாதம் பயிற்சி எடுத்த மனிதர் அரபுநாடு முழுக்க ஒருத்தர்தான். அவர் எங்கள் பாதிவழி பாய்.

எழுபதுகளில் ஷார்ஜா ரோலாவில் எங்கள் மளிகைக் கடைக்கு அடுத்த கடையில் தையல்காரர். லாஞ்சுப் படகில் வந்து கோர்ஃபக்கான் பக்கம் கரையிறங்கி, மலை தாண்டி நடந்தே வந்த கூட்டத்தில் ஒருத்தர். பாதி வழியில் மயங்கி விழ, யாரோ ஒரு அரபி ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தாராம். கூட வந்தவர்கள் வைத்த பேர்தான் இது. டீ குடிக்கப் போனாலும், "என்ன பாதிவழி, பாதி டீ போதுமா?" என்பார்கள்.

ஒருநாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இங்கேருந்து அந்தக் கரைக்கே நடக்கப்போறேன். முழுசா."

உடம்புக்குப் பயிற்சியாக அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கட்டடத்தின் மூன்று மாடியும் ஏறி இறங்கினார். ஒரே வாரத்தில் கட்டடத்துக் குடித்தனக்காரர் எல்லாரும் தங்கள் மூட்டையையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

மனசைத் தயார் பண்ணுவதுதான் கஷ்டம். ரோட்டில் ஒருத்தன் நடந்துபோனால் அந்த ஊரில் எந்த வண்டியும் நிற்காமல் போகாது. கையைப் பிடித்து இழுத்து ஏற்றுவார்கள். மறுத்துப் பழக வேண்டுமே! வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் அவர் சுற்றிச் சுற்றி நடப்பார். எங்கள் வீட்டுக்காரர், என் புருஷன்தான், தக்காளிப் பெட்டியில் உட்கார்ந்து தாம்பாளத்தை ஸ்டியரிங்காகத் திருப்புவார்.

"பாய், யல்லா! ஏறு!"

"மாஃபி, வேண்டாம். நடந்துக்கிறேன்."

இருபது தடவை மறுத்துவிட்டு என்னிடம் வந்தார். "நீ கூப்பிடு தங்கச்சி. உன் பேச்சைத்தான் என்னால தட்ட முடியாது."

நானோ வெளியாளிடம் வாய் திறக்காதவள். முக்காட்டை இழுத்துக்கொண்டு, "காக்கா, ஏறிக்கங்க. நன்னாரி சர்பத் இருக்கு" என்றேன். எங்கள் கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்போம். மனுஷன் நேரே வந்து பெட்டியில் உட்கார்ந்து ரெண்டு டம்ளர் குடித்துவிட்டார்!

"கலாஸ், முடிஞ்சுது! மாடியிலேயே பாதி வழி!" என்று எங்கள் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

குளிர் வந்ததும் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் நாங்கள் பிக்கப்பில் சோறும் சர்பத்தும் எடுத்துக்கொண்டு தேடிப் போனோம். மலை இறக்கத்தில் நொண்டி நொண்டிப் போகிறார். அவர் பின்னால், ஆடு ஏற்றிய வண்டி ஒன்று ஊர்ந்து வருகிறது. ஏறச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன அரபிப் பெரியவர், தனியே விட்டுப்போக மனசில்லாமல் காலையிலிருந்து கூடவே வருகிறாராம்!

எங்களைக் கண்டதும் காக்கா நின்றார். எங்கள் வண்டிக் கதவையே பார்த்தார். ஏறிவிடுவாரோ என்றிருந்தது எனக்கு. எங்கிருந்து தைரியம் வந்ததோ, தலையை வெளியே நீட்டி, நடு ரோட்டில் கத்தினேன். "காக்கா, ஏறிக்கங்க! சர்பத் இருக்கு!"

சிரித்துவிட்டார். "மாஃபி தங்கச்சி!"

கடலில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் டம்ளரைக் கேட்டார்.

அது கோர்ஃபக்கான்தானா, பக்கத்து ஊரா, எந்த வருஷம், எல்லாம் குழம்புகிறது. தெரிந்தவர்கள் விசாரித்துத் திருத்துங்கள். முழு வழியும் நடந்தார் என்பதை மட்டும் திருத்திவிடாதீர்கள்.