பச்சைப் பொட்டலமும் லேபிள் பிரிண்டரும்

மன்னர்களைத் தேர்ந்தெடுத்த சபைகள் உலகில் பல இருக்கலாம். தைவானின் தைச்சுங் நகரில் எங்கள் அன்னாசிக் கேக் கம்பெனி ஒரு லேபிள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்ததே, அந்தச் சபைக்கு முன் அவை உறைபோடக் காணாது.

சபையில் மூவர்: முதலாளி ஜுவாங், கணக்கு பார்க்கும் பெய்-ஷான் அக்கா, வியட்நாமிலிருந்து பிழைக்க வந்த துவானாகிய நான். அந்த மாதத்தோடு என் வேலை ஒப்பந்தம் முடியவிருந்தது. நீட்டிப்புக் காகிதம் முதலாளியின் இழுப்பறையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. ஆகவே, முதலாளி தலையாட்டிய பிறகு தலையாட்டுவதே சபையில் என் 'சுதந்திரமான கருத்து'.

முதல் தீர்மானம்: பிரிண்டர் சின்னதாக இருக்க வேண்டும். மேசையில் முக்கால்வாசி முதலாளியின் தேநீர்த் தட்டுக்குச் சொந்தம்.

"தட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே, பாஸ்?" என்றார் அக்கா.

"டீயைத் தள்ளி வச்சுட்டு அப்புறம் ஆபீஸ் எதுக்கு?"

தலையாட்டினேன்.

"இதுல மைச் செலவே கிடையாது! பேப்பர்ல சூடு பட்டா எழுத்து கறுப்பா வந்துரும்," என்றார் முதலாளி, தானே கண்டுபிடித்தவர்போல. அதற்கும் தலையாட்டினேன்.

பிரிண்டர் வந்தது. அடங்கி நடக்கட்டும் என்று அதன் தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் தேங்காய் நொறுக்குத்தீனி வைத்தோம். இந்த ஊரில் எந்த இயந்திரத்துக்கும் இதுதான் வைத்தியம். பொட்டலம் பச்சை நிறத்தில் இருக்க வேண்டும், சிக்னலில் 'போ' என்கிற விளக்கு மாதிரி; யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. விஞ்ஞானம்!

"கேக் பெட்டியில ஒட்டுறதுக்கு முன்னாடி நம்ம சாப்பாட்டு டப்பாவுல ஒட்டிப் பாப்போம்," என்று வெள்ளோட்டத்துக்கு ஆணை பிறந்தது. ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் டப்பாக்கள். பெயர் ஒட்டி, சோறு சூடாக்கும் நீராவிப் பெட்டிக்குள் வைத்தோம். மதியம் திறந்தால் மூன்று லேபிளிலும் அமாவாசை. ஆளுக்கொன்றைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டோம்.

"என்னது இது, வெறும் பூக்கோசா இருக்கு?" என்று அலறினார் முதலாளி.

"அது என் டயட், பாஸ்! எனக்கு வந்தது துவானோட மீன். அப்போ உங்க பன்னிக்கால் எங்க?"

என் வாயில் இருந்தது.

உடனே விசாரணை. சூடு பட்டால் கறுக்கும் காகிதத்தை நீராவியில் வேகவைக்கச் சொன்னது யார் என்று கேட்க எனக்கும் ஆசைதான். இழுப்பறை ஞாபகம் வந்தது, விழுங்கினேன்.

அக்காதான் கண்டுபிடித்தார். "ஐயையோ, பொட்டலத்தை யாரோ பிரிச்சிருக்காங்க! அதான் மெஷின் கோவிச்சுக்கிச்சு!"

முதலாளி இருமினார். "துவான், நீதானே தின்னே?"

அவர் சட்டையெல்லாம் தேங்காய்த் துகள்.

"நான்தான், பாஸ். பசி தாங்கல."

"பாத்தியா பெய்-ஷான்? பொய் சொல்லத் தெரியாத பையன்!" துகளைத் தட்டிவிட்டு, இழுப்பறையைத் திறந்து கையெழுத்துப் போட்டார். கூடவே 'பொட்டலக் காப்பாளர்' பதவியும் தந்தார்.

புதுப் பொட்டலத்தின் கீழ் பிரிண்டர் இப்போது தங்கமாக நடந்துகொள்கிறது. பொட்டலம் விற்கும் கடைக்காரரிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும்: முதலாளியின் தலையில் வைக்கிற பொட்டலம் எந்த நிறத்தில் வரும்?