ஜப்பான் ராஜாவுக்குப் பொட்டு வைத்த கதை

காசு கட்டிப் படித்தால் பண்பு வரும், சும்மா படித்தால் பசிதான் வரும் என்று நம்புகிறவர்கள் எங்கள் தோட்டத்தில் நிறைய. அதில் முதல் ஆள் என் அம்மா. இரண்டு வகைப் பள்ளிக்கூடத்தையும் ஒரே நாளில், ஒரே கன்னத்தில் சோதித்துப் பார்த்தவன் என்கிற முறையில், இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத்தான் முழு உரிமை. (கன்னமும் என்னுடையதுதான்.)

பெடாஸுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம். பள்ளிக்கூடம் என்பது அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரே அறை. ஒரு வாத்தியார், நாலு வகுப்பு. ஒன்றாவது பையன் 'அணில்' என்று கத்தும்போது, நாலாவது பையன் 'பதினாறு' என்று கத்துவான். நடுவில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பதினாறு அணில் என்றுதான் மண்டையில் ஏறும். கட்டணம் கிடையாது. நான் நாலாவதைப் பாதியில் விட்டேன். மீதிப் பாதியில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

ஜெயம் அப்படி இல்லை. அவன் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணியின் மகன், யாழ்ப்பாணத்துக்காரன், கிறிஸ்தவ வேதக்காரன். சிரம்பானில் மிஷன் பள்ளிக்கூடம், தங்கிப் படிக்கும் விடுதி, காலுக்குச் சப்பாத்து, கழுத்துக்கு டை. சண்டை வந்து ஜப்பான்காரன் உள்ளே நுழைந்ததும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். ஜெயம் ஒரு தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பால் வெட்டும் வேலையும் அநேகமாக நின்றுபோயிருந்தது. தோட்டத்தில் எல்லாரும் மரவள்ளி நட்டோம். கிராணி மகனும் நட்டான், நானும் நட்டேன். டை கட்டிய கையும் கட்டாத கையும் ஒரே சங்கூல் மண்வெட்டியைப் பிடித்தன.

"டேய் தொர, உங்க பள்ளிக்கூடத்துல அப்படி என்னாடா சொல்லிக் குடுத்தாங்க, அத்தன காசு வாங்கிக்கிட்டு?" என்று நான் தினமும் சீண்டுவேன்.

"ஒழுக்கம். எங்கட பள்ளிக்கூடத்தில பொய் சொன்னா அடி விழும்."

"எங்க பள்ளிக்கூடத்துல உண்மைய சொன்னாத்தான் அடி."

"அதுதானடா நீ இப்பிடி இருக்கிறாய்."

"எப்படி இருந்தா என்னாடா? ரெண்டு பேருக்கும் அதே கெழங்குதான்."

அதைக் கேட்டதும் அவன் ஒரு பெரிய துண்டுக் கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். கிழங்கு அப்படி வாயை அடைத்துவிடும்.

கொஞ்ச நாளில் எங்கள் அத்தாப்புப் பள்ளிக்கூடம் ஜப்பான் பள்ளிக்கூடமாக மாறியது. வேலையில்லாத வாலிபர்களும் வர வேண்டும் என்று உத்தரவு. எங்கள் பழைய வாத்தியாரையே சிரம்பானுக்கு அழைத்துப்போய், கொஞ்சம் ஜப்பான் பாஷையை ஊற்றித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாவம், எங்களைவிட ஒரே ஒரு பாடம்தான் அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைக்கார ராஜா தொங்கிய அதே ஆணியில், அதே சட்டத்துக்குள், இப்போது ஜப்பான் ராஜா வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். பத்திரிகையில் வெட்டிய படம். காலையில் அவருக்குக் குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஒருநாள் வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"சிரம்பான்லேருந்து பெரிய ஆபீசர் வராரு. ஒழுக்கத்துல யாரு ஒசத்தின்னு பாப்பாராம். அந்தப் பையனுக்கு ஒரு சிப்பம் அரிசி."

அரிசி! அந்த வார்த்தையைக் கேட்டதும் வகுப்பில் பாதிப் பேர் எச்சில் விழுங்கிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மீதிப் பாதிப் பேருக்கு அரிசி எப்படி இருக்கும் என்று மறந்துபோயிருந்தது.

எனக்கு அந்தச் சிப்பம் கண்டிப்பாக வேண்டும். என் அக்கா அஞ்சலை பிள்ளை உண்டாகித் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாசம். வளைகாப்புப் போட வேண்டும். வளைகாப்பு என்றால் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று ஏழு வகை கிண்டி வைக்க வேண்டும்.

"ஏழு வக சோத்துக்கு எங்கடா போவேன்?" என்று அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்துவாள். "மொதப் பிள்ள. வாயும் வயிறுமா இருக்கறவளுக்கு ஒரு பிடி சோறு போட வக்கில்ல."

அக்கா அழ மாட்டாள். கிழங்கைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான். அதைப் பார்ப்பதைவிட அவள் என்னை நாலு சாத்துச் சாத்தியிருக்கலாம்.

"ஒரு சிப்பம் கொண்டாறேன் பாருக்கா. ஏழு வகையும் செய்யலாம்" என்றேன்.

"ஒழுக்கத்துக்கு உனக்குப் பரிசா? அந்த ஆபீசருக்குக் கண்ணு தெரியாதாடா?" என்றாள்.

சரி, ஒழுக்கத்தில் ஜெயத்தை எப்படி ஜெயிப்பது? அவனுக்கு மிஷன் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த மரியாதை ஒரே வகை. கை இரண்டையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஆடாமல் நிற்பது. அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் மரியாதை என்றால் வேறு. கங்காணி வந்தால் ஒரு மாலை, மானேஜர் வந்தால் இன்னும் தடிமனான மாலை, சரஸ்வதி பூசைக்குப் படத்தின் முகமே தெரியாத அளவுக்கு மாலை. மரியாதை என்பது கூடக் கொஞ்சம் போடுவது. அதையே செய்வது என்று முடிவு கட்டினேன்.

ஆபீசர் வருகிற காலையில், கூட்டிப் பெருக்குகிறேன் என்று வாத்தியாரிடம் சாவி வாங்கி முதல் ஆளாகப் போனேன். செம்பருத்தி மாலை கட்டிப் போட்டேன். ராஜாவுக்கு விபூதிப் பட்டை அடித்தேன். தலையில் தொப்பி இருந்ததால் தொப்பிமேலேயே அடித்தேன். பிறகு பொட்டு. கடையில் குங்குமம் கிடைக்காத காலம். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவந்துவிடும், ஆரத்திக்குக் கரைப்போமே, அதுதான். சிரட்டையில் கரைத்து எடுத்துப்போயிருந்தேன். தாராளமாக ஒரு பொட்டு. குதிரை பாவம், சும்மா நிற்கிறதே என்று அதற்கும் ஒன்று. தள்ளி நின்று பார்த்தேன். மாரியம்மன்கூட அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

கண்ணாடியில் தண்ணிப் பொட்டு நிற்காது என்பதை, நாலாவதின் மீதிப் பாதியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

ஆபீசர் வந்தார். குட்டையான ஆள், நீளமான வாள். வாசலில் வரிசையாக நின்ற எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே நுழைந்தார். நாங்களும் பின்னால் போய் இடுப்புவரை குனிந்தோம். பூட்ஸ் சத்தம் டக் டக் என்று படத்தை நோக்கிப் போனது. பிறகு நின்றது.

மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் பொட்டு ஒழுகியிருந்தது. தொப்பியிலிருந்து கண்ணாடி வழியாக, மீசை வழியாக, குதிரையின் கழுத்துவரை சிவப்பாக ஒரு கோடு. ராஜாவை யாரோ மண்டையில் போட்டுப் பிளந்ததுபோல இருந்தது. குதிரைக்கும் நல்ல காயம்.

"யார்?" என்றார் ஆபீசர். ஜப்பான் பாஷையில் எனக்குப் புரிந்த சில சொற்களில் அதுவும் ஒன்று.

இந்த இடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொல்ல வேண்டும். யார் செய்தது என்று அத்தனை பேருக்கும் தெரியும். என் விரல் வேறு சிவப்பாக இருந்தது. ஆனால் ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நான் கொய்யா திருடுவதைத் தினமும் போட்டுக்கொடுக்கும், வேலை மேற்பார்க்கிற மண்டோரின் மகன்கூட, அன்றைக்குத்தான் பல்லியை முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியாரும் பல்லியைத்தான் பார்த்தார்.

ஜெயம் மட்டும் ஓரடி முன்னால் வந்தான். இங்கிலீஷ் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவர்களே கோபம் வந்தால் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். அதனால் மிச்சப் பேச்செல்லாம் இங்கிலீஷில். ஒன்றும் புரியாமல் நான் கண்டது இரண்டே விஷயம். ஜெயத்தின் விரல் என்னை நோக்கி நீண்டது. அடுத்து ஆபீசரின் கை என் கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் ரயில் ஓடியது. 'அடப்பாவி, காசு கட்டிப் படித்த புத்தி இதுதானா!' என்று நினைத்துக்கொண்டே அடுத்த அறைக்குக் கண்ணை மூடினேன்.

அடுத்தது வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்தேன். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. ஜெயம், கை இரண்டும் தொடையில் ஒட்டியபடி, அமைதியாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். (பிறகு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.)

"ஐயா, இது இரத்தம் இல்லை. எங்கள் சனம் சாமிக்குத்தான் இப்படிப் பொட்டு வைக்கும். உயிரோடு இருக்கும் மனுசருடைய படத்துக்கு வைப்பதில்லை."

ஆபீசர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தங்கள் ராஜா சாமிதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். இப்போது இல்லை என்று சொல்ல முடியுமா?

"குதிரைக்கு எதற்கு?"

"சாமியின் வாகனம், ஐயா. இங்கே ஒவ்வொரு சாமிக்கும் ஒன்று உண்டு."

கை கீழே இறங்கியது. ஆபீசர் இரண்டடி பின்னால் போய், ஒழுகிக்கொண்டிருந்த ராஜாவுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். ஜெயம் பதில் சொன்னான். உடனே அவரோடு வந்திருந்த சிப்பாய் வெளியே ஓடி, அவர்கள் வந்த லாரியிலிருந்து அரிசிச் சிப்பத்தைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தான்.

எனக்கா? கன்னத்து வலி பறந்துபோனது. குனிந்து தூக்கப் போனேன்.

"தொடாதையடா. அது உனக்கில்ல" என்றான் ஜெயம். "ராஜாவுக்கு. எல்லாத்தையும் பொங்கிப் படைக்கச் சொல்லுறார். இப்பவே. பூசையையும் பார்த்திட்டுத்தான் போவாராம். நீதான் பூசாரி."

முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கினார்கள். தோட்டமே கூடிவிட்டது. வீங்கிய கன்னத்தோடு நான் படத்துக்கு முன்னால் நின்றேன். ஆபீசர் பக்கத்தில் விறைப்பாக நின்றார். மந்திரம்? எனக்கு எந்த மந்திரம் தெரியும்? பள்ளிக்கூடத்தில் மனப்பாடமாக ஏறியது ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடி, கோயில் பண்டாரத்தின் ராகத்தில் இழுத்தேன்.

"ஓரிரண்டு ரெண்டேஏஏ... ஈரிரண்டு நாலேஏஏ..."

வாத்தியாரிடம் படித்த பழக்கம் லேசில் போகுமா? பின்னால் நின்ற கூட்டம் முழுவதும் பக்தியோடு திருப்பிச் சொன்னது.

"ஓரிரண்டு ரெண்டேஏஏ... ஈரிரண்டு நாலேஏஏ..."

மூன்றாம் வாய்ப்பாட்டில் ஆபீசருக்குக் கண் கலங்கியது. ஜெயத்தின் முகத்தில் ஒரு நரம்பு ஆடவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நான் மனதாரக் கையெடுத்துக் கும்பிட்டது அப்போதுதான். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டுக்கு எவ்வளவு என்று எனக்கு எப்போதுமே சந்தேகம். அந்த இடத்தில் கற்பூரத்தைக் காட்டி முடித்துக்கொண்டேன்.

படைத்த சோற்றை என்ன செய்வீர்கள் என்று ஆபீசர் கேட்டார்.

"எல்லாருக்கும் பகிர்ந்து குடுப்பம்" என்று ஜெயம் சொன்னான்.

ஆபீசர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, நெற்றியில் நான் வைத்த விபூதியோடு லாரியில் ஏறிப் போனார்.

லாரி மறைந்ததும் நான் ஜெயத்தின் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்டா என்னைக் காட்டிக் குடுத்த?"

"அவர் கேட்டவர், நான் சொன்னனான். சொல்லாட்டி எல்லாருக்கும் அடி விழுந்திருக்கும்."

"சரி, அந்த ஆளு கடைசியா உன்ன என்னா கேட்டாரு? உடனே அரிசிய எறக்குனாங்களே?"

"சாமிக்கு என்ன படைப்பியள் எண்டு கேட்டவர். சோறு எண்டனான். உண்மைதானே?"

"வாழப்பழம்கூடத்தான் உண்மை. வெத்தல பாக்கும் உண்மை."

அவன் முதல் தடவையாகச் சிரித்தான். "எந்த உண்மையைச் சொல்லுறது எண்டு பழக்கத்தானடா எங்கட அப்பா ஃபீஸ் கட்டினவர். உன்ர அக்காவுக்கு வளைகாப்பு எண்டு நீதானே கத்திக்கொண்டு திரிஞ்சாய்?"

பிடித்திருந்த சட்டையை விட்டேன். அவனே தொடர்ந்தான்.

"ஆனா உங்கட ஆக்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லையே. எங்கட பள்ளிக்கூடம் எண்டா, பாதிப் பேர் காட்டிக் குடுக்கக் கை தூக்கியிருப்பினம்."

அதற்குள் பெண்கள் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்திருந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் முதல் இலை என்று யாரோ சொன்னார்கள். மறுத்துப் பேச ஆள் இல்லை. எல்லாரும் சோற்றைப் பார்த்து வெகு நாளாகியிருந்தும் ஒதுங்கி நின்றார்கள்.

"இன்னிக்கே வளையலப் போட்டுடுவோம்" என்றாள் அம்மா.

"நாள் பாக்க வேணாமா?" என்றார் வாத்தியார்.

"சோறு கெடச்ச நாளுதான்யா நல்ல நாளு!"

கண்ணாடி வளையலுக்கு எங்கே போவது? ஆளுக்கு ஒன்றாகத் தங்கள் கையிலிருந்தே கழற்றி அக்காவுக்குப் போட்டார்கள். இலையில் நடுவே வெள்ளைப் பொங்கல். சுற்றிலும் புளிக்கிழங்கு, எலுமிச்சைக் கிழங்கு, மிளகாய்க் கிழங்கு என்று ஆறு வகை. ஆக மொத்தம் ஏழு. அக்கா கிழங்குப் பக்கம் திரும்பவே இல்லை. சோற்றை அள்ளி வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். வெகு நேரம் மென்றாள்.

"எந்தச் சாமி பிரசாதம்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க" என்றாள் பிறகு.

எனக்குக் கிடைத்தது சட்டியில் ஒட்டியிருந்த தீய்ந்த அடி. வீங்கிய கன்னத்தால் அதைக்கூட ஒரு பக்கமாகத்தான் மெல்ல முடிந்தது. ஆனாலும் அத்தனை ருசியான சோற்றை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை.

அக்காவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அவளும் பள்ளிக்கூடம் போகும் வயசுக்கு வந்துவிட்டாள். காசு கட்டி மிஷனுக்கு அனுப்பலாம் என்று அம்மா, நம்ம அத்தாப்புப் பள்ளிக்கூடமே போதும் என்று மச்சான். வீட்டில் பெரிய விவாதம். அனுபவஸ்தன் நான் இருக்கிறேனே என்று தொண்டையைச் செருமினேன்.

"எங்க வேணாலும் சேருங்க" என்றாள் அக்கா. "இவன் மட்டும் வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கக் கூடாது."

கடைசியில் அத்தாப்புப் பள்ளிக்கூடம்தான். இப்போதும் சாயங்காலம் அவள் முற்றத்தில் உட்கார்ந்து, 'ஓரிரண்டு ரெண்டு' என்று ஆரம்பித்தால் போதும். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்பார். அக்கா பயபக்தியோடு இலையை விரித்துப் போடுவாள். குழந்தைக்கு இது ஒன்றும் புரியாது. வாய்ப்பாடு சொன்னால் வீட்டில் சோறு போடுவார்கள் என்று மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.