திஸா கரை ராக்கெட் சங்கம் பரம சௌக்கியம்

என் மகாபிரியமுள்ள மருமகள் யாஸ்னாவுக்கு, உன் அம்மாவோடு கூடப் பிறந்தவனும், திஸா கரை மாதிரி ராக்கெட் சங்கத்தின் துணைத் தலைவர், செயலாளர், தொழில்நுட்பத் தலைமை ஆகிய மூன்று பதவிகளையும் ஒரே முதுகில் சுமப்பவனுமாகிய சேகுலா மாமா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அப்பாவும் சுகம். அவ்விடம் க்ராட்ஸ் நகரத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே மழையைக் காணோம், மக்காச்சோளம் காதைத் தொங்கப்போட்டு நிற்கிறது. விஷயத்தைப் போனில் சொல்லலாமென்றால் போன் உன் அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

உன் கடுதாசி கிடைத்தது. "அப்பா தனியா இருந்தது போதும் மாமா, மாதா திருநாள் முடிஞ்சதும் கார்ல வந்து கூட்டிக்கிட்டுப் போறேன், நீங்க குறுக்க நிக்காதீங்க" என்று எழுதியிருக்கிறாய். நான் எதுக்கும்மா குறுக்கே நிற்கிறேன்? நீ வந்து பார்த்தால் நீயே காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாய், அவ்வளவு ஜோராக இருக்கிறார் மனுஷன். பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்பது நிஜம். அது துக்கமில்லை, ஆராய்ச்சி. நன்றாகச் சாப்பிடுகிறார், சூப்பை நின்றுகொண்டே குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவி, உன் அம்மா முன்பு உட்காரும் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஏன் மச்சான் உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா என்று கேட்டால், "உக்காந்தா எந்திரிக்கத் தோண மாட்டேங்குது மாப்ளே" என்கிறார். பார்த்தாயா, எவ்வளவு சுறுசுறுப்பு!

சங்கமோ, கொழித்துக்கொண்டிருக்கிறது. தலைவர் உன் அப்பா ராதிவோய். மற்ற பதவிகளை நான் சொல்லிவிட்டேன். உறுப்பினர் யார் என்று கேட்பாய், நம்ம ஹங்கேரிக்காரன் பிஷ்தா இருக்கிறான். ராக்கெட்டுக்கு வால் இறக்கை சீவுவதில் அவனுக்கு நிகர் திஸாவின் இரண்டு கரையிலும் கிடையாது, மீன் கடிக்காத நாட்களில் தவறாமல் வந்துவிடுகிறான். ஈஸ்டர் முடிந்த கையோடு ஒரு காலை உன் அப்பா பரணிலிருந்து காகிதக் குழாயையும் கோந்தையும் இறக்கினார். உன் அம்மா ரூஷா கண்ணை மூடிய பிறகு அவர் அந்தப் பரண் ஏறியது அதுதான் முதல் தடவை. முழங்கை நீளத்துக்கு ஒரு ராக்கெட். வெள்ளி மாதிரி மினுங்குகிற மெல்லிய தாளில் பாராசூட். வசந்தகாலம் முழுக்க அதிலேயே குனிந்திருந்தார். அதில் பாதி என் உழைப்பு. நான்தான் விளக்குப் பிடித்தேன், விளக்குப் பிடிக்க ஆளில்லாமல் உலகத்தில் எந்த ராக்கெட்டும் மேலே போனதில்லை. தவிர, எட்டாம் வகுப்பு இயற்பியலை இரண்டு வருஷம் ஊன்றிப் படித்தவன் என்ற முறையில், மத்தியானத்தில் பூமியின் இழுப்பு சூட்டில் தளர்ந்துபோகும், அப்போது விட்டால்தான் உயரம் கிடைக்கும் என்ற நுட்பத்தையும் நானே எடுத்துச் சொன்னேன். உன் அப்பா மறுத்துப் பேசவில்லை. பேசவே இல்லை.

இதற்கு நடுவில் ஒரு சின்னத் தொந்தரவு. நாம் ராக்கெட் விடுகிற மேய்ச்சல் நிலம் இருக்கிறதே, அதன்மேல் கூட்டுறவுப் பண்ணைத் தலைவர் ஒஸ்தோயாவுக்குக் கண் விழுந்துவிட்டது. நானும் உன் அப்பாவும் போய்ப் பார்த்தோம். "ராதிவோய் அண்ணே, மேய்ச்சல் நிலம்னு பேரு, ஆடும் இல்ல மாடும் இல்ல. ராக்கெட் மேயுதுன்னு நான் மேல எழுதிப் போட முடியுமா? உழுது சூரியகாந்தி போடப் போறேன்" என்றார் அந்த ஆள். நான் விடுவேனா? "ஒஸ்தோயா, எலியா திருநாளைக்கு எங்க சங்கத்து ஸ்லாவா விருந்து. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு, எங்க ராக்கெட்டைப் பாரு. ஏறும், விரியும், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஆடி அசைஞ்சு இறங்கும். பார்த்துட்டு அப்புறம் உன் கலப்பையைப் பத்திப் பேசு" என்றேன். "அப்படி இறங்கிச்சுன்னா நிலம் உங்களுக்கு. இல்லேன்னா டிராக்டர் வரும்" என்று கை கொடுத்தார். திரும்பி வருகிற வழியில் உன் அப்பா திடீரென்று நின்று, "நிலம் போச்சுன்னா நான் யாஸ்னாகிட்டயே போயிடறேன் மாப்ளே. இங்க வேற என்ன இருக்கு எனக்கு?" என்றார். "நான் இருக்கேன்ல மச்சான்?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "இருக்கே" என்றார். எப்போதும் தமாஷ்தான் அவருக்கு.

காவல் புனிதருக்குப் படையல் போடுகிற ஸ்லாவா நாளும் வந்தது. நெருப்பு ரதம் ஏறி வானத்துக்குப் போன எலியாவைவிட ராக்கெட் சங்கத்துக்குப் பொருத்தமான புனிதர் யார் இருக்கிறார்? அவரைக் காவலராக வைக்கலாம் என்று சொன்னதே நான்தான் (பிஷ்தா வேறு மாதிரி சொல்வான், நம்பாதே). படையல் கோதுமையை வருஷா வருஷம் உன் அம்மா செய்வாள்: வேகவைத்து, அரைத்து, அக்ரூட் கலந்து, கோபுரமாகக் குவித்து, மேலே பனி பெய்த மாதிரி பொடிச்சர்க்கரை தூவி. இந்த வருஷம் யார் செய்வது என்று உன் அப்பா கேட்கவில்லை. கேட்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். பண்ணினேன் பார் ஒரு கோதுமை, ஊரே வாசலில் வந்து மோப்பம் பிடித்தது. அதே மேஜையில் இந்தக் கோடியில் என் கோதுமை, அந்தக் கோடியில் உன் அப்பா பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க டால்கம் பவுடர் தூவ வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா, தும்மிக்கொண்டே தூவி வளர்ந்தவள் நீ. "மாப்ளே, பவுடர்" என்று நிமிராமல் கையை நீட்டினார். பக்கத்திலிருந்த ஜாடியை எடுத்துக் கொடுத்தேன். ஜாடி செய்கிறவர்கள் எல்லா ஜாடியையும் ஒரே அச்சில் வார்த்து, ஒரே மூடி போட்டு விற்றால் அதற்கு வாங்குகிறவனா பொறுப்பு? இந்த நாட்டில் தொழிற்சாலைகள் உருப்படாததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பாதிரியார் நிகான் வந்து ஜெபம் சொல்லி, கோதுமையை மந்திரித்து, முதல் கரண்டி எடுத்தார். வாயில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். மந்திரித்த பண்டம், துப்ப முடியுமா? கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு விழுங்கினார். அப்புறம் ஒரு இருமல், வாயிலிருந்து வெள்ளையாய் ஒரு மேகம் கிளம்பியது. "சேகுலா, இதுல என்ன போட்டே?" "பக்தி, சாமி!" "பக்திக்கு இவ்வளவு வாசனையா? பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்த மாதிரியில்ல இருக்கு." அவரே விழுங்கிவிட்டதால் பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாருக்கும் மறுக்க வழியில்லை, ஒவ்வொருவராய் வந்து சிலுவை போட்டு விழுங்கிவிட்டு ராக்கியாச் சாராய பாட்டில் பக்கம் ஓடினார்கள். ஒஸ்தோயா மரியாதை தெரிந்த மனுஷன், ரெண்டாவது கரண்டியும் எடுத்தார். பிஷ்தா மட்டும், "நான் கத்தோலிக்கன், எனக்கு இன்னைக்கு எலியா இல்ல" என்று நழுவிவிட்டான். உன் அப்பா? அவர் சாப்பிட வரவேயில்லை. ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு எல்லோரும் மேய்ச்சல் நிலத்துக்குப் போனோம். இடிக்கு அதிபதி எலியா, அவர் நாளில் எப்போதும் போல ஆகாயம் கறுத்து, காற்று ஈரமாய்க் கசகசவென்றிருந்தது. உன் அப்பா மண்டியிட்டு ராக்கெட்டை நிறுத்தி, கம்பியைச் சொருகி, பின்னால் தள்ளி வந்து பொத்தானை அழுத்தினார். யாஸ்னா, போச்சும்மா அது! சீறிக்கொண்டு, ஊசி மாதிரி, நம்ம கோயில் கோபுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாய் எத்தனை அடுக்கினாலும் எட்டாத உயரத்துக்குப் போனது, பெல்கிராடிலேயே பார்த்திருப்பார்கள். ஒஸ்தோயா வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார். "ஏறுதே அண்ணே!" என்று குழந்தை மாதிரிக் கத்தினார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். உன் அம்மா இருந்தபோது பார்த்த பல், மறுபடி அன்றைக்குத்தான் பார்த்தேன். உச்சியில் டப்பென்று ஒரு சத்தம், ராக்கெட்டின் மூக்கு கழன்றது, பாராசூட் வெளியே வந்தது. வந்தது சரி, விரியவில்லை. உருட்டிப் பிடித்த கொழுக்கட்டை மாதிரி ஒரே கட்டியாய் நூலில் தொங்கிக்கொண்டு, போன வேகத்துக்குக் குறைவில்லாமல் நேரே கீழே வந்து, நிலத்துக் கடைசியில் தலைகுப்புறக் குத்தி நின்றது.

உன் அப்பா மட்டும் அவ்வளவு தூரமும் நடந்து போனார். நான் கூட வருகிறேன் என்றதற்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். திரும்பி வரும்போது உடைந்ததைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தார், தலையைச் சுற்றிக் குளவி. மெல்லிய தாளைப் பிரித்துப் பார்த்தார், பிரியவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "சர்க்கரை" என்றார். கோபமே இல்லை, மழை வரும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதை மறுபடி கோட்டுக்குள் வைத்துக்கொண்டே, "ரூஷா இருந்தா ஜாடியில சீட்டு ஒட்டி வச்சிருப்பா" என்றார்.

ஒஸ்தோயாவை நான் அப்படியே விடவில்லை, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "இது வேணும்னே பண்ணின பரிசோதனை, விழும்போது மண் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பார்க்கிறது, வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான்" என்று விளக்கினேன். "சேகுலா அண்ணே, என் நாக்கு இன்னும் வழுவழுன்னு இருக்கு. திங்கட்கிழமை டிராக்டர் வருது" என்று சொல்லிவிட்டு, உன் அப்பாவிடம் போய்த் தொப்பியைக் கழற்றி, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். பாதிப் பேச்சுவார்த்தை வெற்றி என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

டிராக்டரும் சொன்னபடி வந்தது. அதனால் என்ன? ஆற்றங்கரை மேடு இருக்கிறது. என்ன, ராக்கெட் கொஞ்சம் தண்ணீரில் விழும், பிஷ்தாவிடம் வலை இருக்கிறது. இதையெல்லாம் உன் அப்பாவிடம் தினமும் விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு தலையாட்டுகிறார். ஆகவே, கண்ணே, மேற்படி காரணங்களால் உன் அப்பா இங்கேயே பூரண உற்சாகத்துடன் இருப்பது உனக்கு விளங்கியிருக்கும். கார், பெட்ரோல், லீவு என்று வீணாய் அலைய வேண்டாம். க்ராட்ஸில் அவருக்கு யார் இருக்கிறார்கள், நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவீர்கள், நாள் முழுக்க அவரோடு பேச ஆள் வேண்டாமா? இங்கே நான் பேசுகிறேன். அவர் பேசாவிட்டாலும் நான் பேசுகிறேன்.

புனித எலியா உன் வீட்டுக் கூரைக்கு இடி தராமல் காப்பாராக. மாப்பிள்ளைக்கு என் கைகுலுக்கல். இந்த மாமாவை மறந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
சேகுலா

பி.கு.: கடிதம் தபாலுக்குப் போகாமல் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. அதற்குள் ஒரு சின்ன மாறுதல். வியாழக்கிழமை காலை உன் அப்பா என்னிடம் பெட்டி இரவல் கேட்டார், எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டேன், பஸ்ஸில் ஏறிவிட்டார். இந்நேரம் உன் மேஜையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருப்பார், ஆகையால் இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் காட்டாதே. உட்கார்ந்து குடிக்கிறாரா என்று மட்டும் எனக்கு எழுது. பிஷ்தா மீனுக்கே போய்விட்டான். சங்கத்தின் அவசரக் கூட்டத்தில் என்னைத் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தாயிற்று, எதிர்ப்பு ஒன்றுமில்லை. மற்றபடி எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை. க்ராட்ஸ் பஸ் வந்து நிற்கிற நேரத்துக்குத்தான், தினமும், நிலையத்துப் பக்கம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது.